முதலில் படித்துக் காட்டுங்கள்

அந்தத் தீர்மானப் புத்தகத்தில் என் கையெழுத்து பதினோரு இடங்களில் இருக்கிறது. அவற்றில் ஒன்றைக்கூட, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு நான் போட்டதில்லை.

காரைக்கால் பகுதியில் ஓர் அரசுப் பள்ளி. பெயர் சொல்லப்போவதில்லை. ஒரு பள்ளியைக் கூண்டில் ஏற்றிவிட்டு மற்றவற்றைத் தப்பவிட எனக்கு விருப்பமில்லை. என் மகள் அங்கே படித்தாள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். எப்படி உறுப்பினர் ஆனேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். மகளைக் கொண்டுவந்து விட்ட ஒரு காலையில், "அக்கா, உங்க பேரைப் போட்டுக்குறோம், பாதிப் பேரு பொம்பளைங்களா இருக்கணுமாம்" என்றார்கள். சரி என்றேன். அதுதான் எனக்கு நடந்த தேர்தல். அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறையோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ வாசலில் நிறுத்துவார்கள். "வேலைக்கு நேரமாச்சுல்ல, ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்கக்கா." போட்டுவிட்டுப் போவேன். நான் முதுகலை படித்தவள்.

ஒருநாள் எனக்கு அடுத்து நின்றவர் நடவு வேலைக்குப் போகிற ஒரு பெண். பேத்தியை வளர்க்கிறவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். காலனித் தெருவிலிருந்து வருகிறவர். எனக்குப் "போடுங்கக்கா" என்று நீட்டிய அதே கை அவரிடம் மைப்பெட்டியை நீட்டி, "இங்க வை" என்றது. அவர் வைக்கவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. அதனாலதான் கேக்குறேன். என்னா எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுங்க, அப்புறம் வைக்கிறேன்."

வேறு வழியில்லாமல் படித்தார்கள். குழு உறுப்பினர்கள் மாணவியர் கழிப்பறையைப் பார்வையிட்டார்கள், அது நல்ல பயன்பாட்டில் இருப்பது கண்டு திருப்தி தெரிவித்தார்கள் என்று எழுதியிருந்தது.

"நாங்க எப்பப் பாத்தோம்? வாங்க, இப்பப் பாத்துடுவோம்" என்றார் அவர். போனோம். கழிப்பறைக் கதவில் பூட்டு தொங்கியது. சாவி யாரிடம் இருக்கிறது என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை.

என் மகள் அந்த ஆண்டு முழுக்கத் தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "தண்ணிகூடக் குடிக்காம என்னத்தப் படிக்கிறே" என்று அவளைத் திட்டியிருக்கிறேன். அவள் ஏன் குடிக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அந்தப் பூட்டுக்குக் கீழே திருப்தி தெரிவித்துக் கையெழுத்துப் போட்டவர்களில் அவளுடைய அம்மாவும் ஒருத்தி.

இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து வருகிறது. ஆனால் வெட்கப்பட்டு ஓய்ந்துவிட நான் இதை எழுதவில்லை. நம்மை உட்காரவைத்துப் பேசவிடாமல் வாசலில் நிறுத்தியே கையெழுத்து வாங்குகிற ஓர் ஏற்பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது காப்பாளர் இருக்க வேண்டும் என்கிறது. பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும் குழுவின் வேலைகள். நன்றாகக் கவனியுங்கள். கையெழுத்துப் போடுவது குழுவின் வேலை என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

அதே 21ஆம் பிரிவில் இன்னொரு நாற்காலியும் இருக்கிறது. உள்ளாட்சிக்கு மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் இந்தக் குழுவில் இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் எங்கள் ஊருக்கே உரிய கதை தொடங்குகிறது.

நான் பிறந்தது போலகத்தில். காரைக்கால் மாவட்டம், திருமலைராயன்பட்டினம் கொம்யூன். வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர், தமிழ்நாடு. எங்களை ஆளும் புதுச்சேரியோ ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தள்ளி, தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் எல்லாம் தாண்டி இருக்கிறது. போலகத்தில் தொழிற்பேட்டை இருக்கிறது. 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. நிலம் வேண்டும் என்றால் போலகம் எங்கே இருக்கிறது என்று புதுச்சேரிக்கு நன்றாகத் தெரியும்.

தேர்தல் என்றால் மட்டும் மறந்துவிடும். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006இல். நடுவில் 38 ஆண்டுகள். 2006இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு 2018இல் உச்ச நீதிமன்றமே தேர்தலை நடத்தச் சொன்னது. 2021இல் தேதியும் அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டுக் குழப்பத்தில் நீதிமன்றப் படியேறியது, நின்றது. ஐந்து ஆண்டுப் பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. எங்கள் கொம்யூனை நடத்துவது ஆணையர்.

2011 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த சில வாரங்களில் அவளுடைய ஊரில் வார்டு உறுப்பினர் என்று யாரும் இல்லாமல் போனார்கள். அவள் 2023இல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். பன்னிரண்டு ஆண்டுகள், ஒரு முழுப் பள்ளிப்படிப்பு. அந்தக் காலம் முழுக்க அவளுடைய பள்ளிக் குழுவில் ஊர் தேர்ந்தெடுத்த பிரதிநிதியின் நாற்காலி காலி.

இதில் பெண்களுக்கென்று தனியாக என்ன நட்டம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் திருத்தங்கள் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடங்களையாவது பெண்களுக்கு ஒதுக்கின. பட்டியல் சாதிகளுக்கான இடங்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று பதினோராம் அட்டவணையில் வரிசைப்படுத்திய பொறுப்புகளில் தொடக்கக் கல்வியும் இடைநிலைக் கல்வியும் உண்டு. உள்ளாட்சித் தேர்தல் நடக்காவிட்டால் ஆண் அரசியல்வாதிக்குச் சட்டமன்றம் இருக்கிறது, கட்சி இருக்கிறது, கான்ட்ராக்ட் இருக்கிறது. பெண்ணுக்குச் சட்டப்படி உறுதியான ஒரே வாசல் இதுதான். அதை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

சட்டமன்றத்தில் பாருங்கள். புதுச்சேரி வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். 2021இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரில் பெண் ஒரே ஒருவர். அவர் எங்கள் காரைக்கால் பகுதியின் நெடுங்காடு தனித் தொகுதியிலிருந்து போன சந்திர பிரியங்கா. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு புதுச்சேரி அமைச்சரவையில் ஒரு பெண் என்று பேசினார்கள். 2023 அக்டோபரில் அவர் பதவியில் இல்லை. சாதியும் பாலினமும் தன்னை நெருக்கியதாக அவருடைய விலகல் கடிதம் சொன்னது. அது விலகலா நீக்கமா என்ற சண்டை பல நாள் நடந்தது. கடிதத்தில் இருந்த விஷயத்தைப் பற்றிய பேச்சு அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

கேட்க ஆள் இல்லாத ஊரில் என்ன நடக்கும்? 2023–24இல் நடந்தது.

அதுவரை புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகளில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் இருந்தது. அந்தக் கல்வியாண்டில் 6 முதல் 9 வரையும் 11ஆம் வகுப்பும் ஒரே வீச்சில் சிபிஎஸ்இக்கு மாறின. எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டுப் புத்தகம் படித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் புதுப் புத்தகத்தைத் திறந்தாள். 2025இல் சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுதினாள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி வந்தவள் இரண்டே ஆண்டில் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதினாள். தனியார் பள்ளிகள் பலவற்றில் பழைய பாடத்திட்டமே தொடர்ந்தது. சோதித்துப் பார்க்கக் கிடைத்தது அரசுப் பள்ளிப் பிள்ளை, அதாவது நடவுக்குப் போகிறவள் பிள்ளை, பட்டினச்சேரியில் மீன் விற்கிறவள் பிள்ளை.

சிபிஎஸ்இ நல்லதா கெட்டதா என்பது இங்கே என் வாதம் அல்ல. நீட் எழுத உதவும் என்கிறார்கள், உதவலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீத உள்ஒதுக்கீடு கொடுத்தார்கள், வரவேற்கிறேன். என் கேள்வி ஒன்றுதான். இந்த மாற்றத்தை எந்தத் தாயிடம் கேட்டார்கள்? எந்தப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைத்து, இது வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம் என்று விவாதித்தார்கள்? எங்களுக்கு அது செய்தியாகத்தான் வந்தது.

தாயைக் கேட்க வேண்டும் என்பதற்குத் தாய்மைப் புனிதம் காரணம் அல்ல. வேலை காரணம். பள்ளியில் எது மாறினாலும் அதன் கூலியில்லா வேலை வீட்டில் ஒரு பெண்ணின் தலையில்தான் இறங்குகிறது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஒரு தாய், தமிழ்ப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து மகளோடு உட்கார முடிந்தது. ஆங்கிலப் புத்தகம் வந்த அன்று அவள் தன் வீட்டுக்குள்ளேயே படிக்கத் தெரியாதவள் ஆகிவிட்டாள். இனி டியூஷன். டியூஷனுக்குப் பணம். பணம் ஒரு பிள்ளைக்குத்தான் இருக்கிறது என்றால் அது மகனா மகளா? நம் வீடுகளின் பதில் நமக்குத் தெரியும். மாலையில் சிறப்பு வகுப்பு வைத்தால் திரும்பி வரப் பேருந்து வேண்டும். மாணவர் பேருந்து போய்விட்டால் பையன் யார் பைக்கிலாவது தொற்றிக்கொள்வான். பெண்ணுக்குச் சிறப்பு வகுப்பே நின்றுபோகும். இதையெல்லாம் ஒரு கோப்பில் குறிப்பு எழுதுகிறவருக்கு யார் சொல்வது? வார்டு உறுப்பினராக ஒரு பெண் இருந்திருந்தால், அவள் வீட்டிலும் ஒரு பெண் இருந்திருப்பாள்.

பள்ளிக்கும் பெண்ணின் வாக்குக்கும் உள்ள உறவு நமது கற்பனை அல்ல. உலகில் பல இடங்களில் பெண்கள் பொது அதிகாரத்துக்குள் நுழைந்த முதல் வாசல் பள்ளி வாரியம்தான். அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலம் 1838இலேயே பள்ளித் தேர்தலில் ஒருசில பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. சொத்துவரி கட்டிய கைம்பெண்களும் மணமாகாதவர்களும்தான் அவர்கள். அடிமை முறை இருந்த மாநிலம் என்பதால் அந்த உரிமை யாருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கான்சாஸ் 1861இல் பள்ளித் தேர்தல் வாக்கைப் பெண்களுக்குத் திறந்தது. இன்றும் அந்த நாட்டில் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் வாரியத்தை உள்ளூர் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளி வாரியங்களை உருவாக்கியது. பெண்கள் நிற்கலாம் என்றது. நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க எந்தப் பெண்ணுக்கும் உரிமை இல்லாத அந்தக் காலத்தில், மருத்துவர் எலிசபெத் கேரட் லண்டன் பள்ளி வாரியத்துக்கு நின்று 47,858 வாக்குகள் வாங்கினார். மான்செஸ்டரில் லிடியா பெக்கர் வென்றார். பிறகு 1902இல் புதிய சட்டம் வந்து இந்த வாரியங்களைக் கலைத்தது. அவற்றின் வேலை கவுன்சில்களுக்குப் போனது. அந்தக் கவுன்சில்களுக்குப் பெண்கள் அப்போது போட்டியிட முடியாது. நிர்வாகச் சீர்திருத்தம் என்று பெயர். நடந்தது, தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களை வீட்டுக்கு அனுப்பியது. பெண்களைத் தடை செய்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை. பெண்கள் உட்கார்ந்திருக்கும் அமைப்பை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். 2011இல் எங்கள் ஊரில் நடந்ததும் அதுவே. யாரும் தடை செய்யவில்லை. தேர்தலை மட்டும் வைக்கவில்லை.

இனி நமக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று பதில்களுக்கு வருகிறேன்.

"கூட்டம் போட்டா பொம்பளைங்க வர்றதில்லை." கூட்டம் எப்போது? வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு. நூறு நாள் வேலைக்குப் போனவள், நடவில் நிற்கிறவள், கம்பெனியில் ஷிப்டில் இருக்கிறவள் அந்த நேரத்தில் வந்தால் அன்றைய கூலி போய்விடும். கூட்டத்துக்கு வரும் அதிகாரிக்குப் பயணப்படி உண்டு, சம்பளமும் உண்டு. சம்பளம் இழந்து வர வேண்டியவள் தாய் மட்டும்தான். மாலை ஆறு மணிக்கு வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

"பெண் உறுப்பினர்னா புருஷன்தான் வந்து உக்காருவான்." உட்கார்ந்தார்கள், மறுக்கவில்லை. 38 ஆண்டுகள் எதுவும் இல்லாமல் இருந்துவிட்டு ஐந்தே ஆண்டுகள் ஒரு நாற்காலி கொடுத்தால் அந்தப் பெண் பழகுவதற்குள் நாற்காலியே போய்விட்டது. அடுத்த தேர்தலும் அதற்கு அடுத்ததும் நடந்திருந்தால், கணவன் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து வளர்ந்த மகள் தானே வந்து உட்கார்ந்திருப்பாள். தவறு செய்யவும் கற்றுக்கொள்ளவும் ஆண்களுக்குத் தலைமுறைகள் கொடுத்தோம். பெண்களுக்கு ஒரு பதவிக்காலம்கூட முழு அவகாசம் இல்லையா?

"படிப்புல அரசியல் வேணாம்." இது மூன்றிலும் மோசமான பதில். ஆசிரியரை எந்த ஊருக்கு மாற்றுவது, எந்தப் பாடத்திட்டம், கட்டட வேலையை யாருக்குக் கொடுப்பது, எந்தப் பள்ளியை எதோடு இணைப்பது எல்லாமே அரசியல்தான். ஏற்கெனவே நடக்கிறது. அதில் நாம் மட்டும் இல்லை. அரசியல் வேண்டாம் என்று சொல்கிறவர் நம்மைத்தான் வேண்டாம் என்கிறார்.

எல்லையைத் தாண்டினால் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. நாகை மாவட்டத்திலும் 2025 தொடக்கத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆனால் தமிழ்நாட்டில் 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை இருபது பேர் கொண்டவையாக மாற்றி அமைத்தபோது, தலைமைப் பொறுப்பு ஒரு தாய்க்கு என்று விதி வைத்தார்கள். விதி வைத்தால் மட்டும் எல்லாம் நடந்துவிடாது. ஆனால் விதி இருந்தால் "நான்தானே தலைவி, எங்க சாவி?" என்று கேட்க ஒருத்திக்கு வாய் வரும்.

நாம் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தலை நடத்துங்கள். அதுவரை சும்மா இருக்க முடியாது. ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுவைப் பெற்றோர் கூடி வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்கட்டும். வாசலில் பிடித்துப் பெயர் எழுதுவது இனி வேண்டாம். தலைமை ஒரு தாய்க்கு. காலனித் தெருவிலிருந்தும் மீனவர் குப்பத்திலிருந்தும் வருகிற பெண்கள் குழுவில் இருந்தே ஆக வேண்டும். கூட்டம் மாலையில். பகலில்தான் என்றால் இழந்த கூலிக்கு ஈடு. வந்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பள்ளிச் சுவரில் தமிழில் எழுதிப் போடுங்கள். பாடத்திட்டம், பயிற்றுமொழி, பள்ளி இணைப்பு போன்ற முடிவுகள் எந்தக் குழுவின் முன்னும் வைக்கப்படாமல் வரக்கூடாது. தீர்மானம் எதுவானாலும் கையெழுத்துக்கு முன் உரக்கப் படிக்கப்பட வேண்டும்.

கடைசியாகச் சொன்னதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. நாளைக்கே செய்யலாம். ஒருத்தி தனியாகக் கேட்டால் அவளுக்கு வாயாடி என்று பெயர் வரும், பிள்ளைக்கு மதிப்பெண் குறையுமோ என்று பயம் வரும். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அது கூட்டம். சட்டம் சொல்கிற கூட்டம் அதுதான்.

காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. தன் சொல்லைத் தானே பாடி வைத்துப்போன ஒரு பெண்ணுக்கு ஊரே மாம்பழம் இறைக்கும். நானும் முந்தானையை ஏந்தி நின்றிருக்கிறேன். புனிதவதியின் சொல்லை இத்தனை நூற்றாண்டுகளாகப் போற்றுகிற ஊர், அவள் தெருவில் இன்றைக்கு நடமாடுகிற பெண்ணிடம் கைநாட்டை மட்டும் கேட்கிறது.

அன்றைக்குக் கழிப்பறைப் பூட்டுக்கு முன்னால் நின்றபோது அந்த அம்மா யாரையும் திட்டவில்லை. திரும்பி வந்து, மைப்பெட்டியை மூடி, மேசையில் வைத்தார். "தொறந்துட்டுச் சொல்லி அனுப்புங்க தம்பி. வந்து பாத்துட்டு வைக்கிறேன்" என்றார். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார். நான் பேனாவை வாங்கி அந்தப் பக்கத்தில் இருந்த என் கையெழுத்தை அடித்தேன். புத்தகத்தை அடிக்கக்கூடாது என்றார்கள். அடித்துவிட்டுக் கீழே தேதி போட்டேன்.

மீதிப் பத்து இன்னும் அப்படியே இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியின் புத்தகத்தில் உங்களுடையது எத்தனை என்று போய்ப் பாருங்கள்.